தண்ணி பார்க்கிறீங்களா, தம்பி?

கொம்பனித்தெருவில், பழைய வீடுகளை இடித்துச் சமப்படுத்திய ஒரு காணி. காலை ஏழு மணி இருக்கும். பேரை வாவிப் பக்கமிருந்து பாசி வாடை காற்றோடு வந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் இருவர் அளவுநாடாவை இழுத்துப் பிடித்து, ஒரே கோட்டில் சம இடைவெளியில் நான்கு இரும்புக் கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். கம்பிகள் லேசில் இறங்கவில்லை. பழைய வீட்டின் ஓட்டுத்துண்டும் செங்கல் உடைசலும் தடுத்தன. வெளிப்பக்கக் கம்பிகள் இரண்டின் அடியிலும் போத்தலிலிருந்து கொஞ்சம் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். நான்கு வயர்களும் நடுவில் இருந்த ஒரு பெட்டிக்குப் போயின. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கார் பற்றரி.

மதிலுக்கு அப்பால் தேநீர்க்கடை. கடைக்கார நானா பிளேன்ரியை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, தண்ணி பார்க்கிறீங்களா?”

“இல்ல நானா, மண்ணைத்தான் பார்க்கிறோம். இங்க பெரிய கட்டடம் ஒண்டு வரப்போகுது.”

நானா நம்பியதாகத் தெரியவில்லை. ஊரில் குழாய்க்கிணறு அடிக்க முன்பு இதே பெட்டியையும் இதே கம்பிகளையும் அவர் பார்த்திருக்கிறார். அன்று அங்கே நின்றிருந்த எனக்கு அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. பெட்டியைக் கொண்டுவந்தவர் எதைத் தேடி வந்தாலும், பெட்டி முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். மண்ணின் பலம், இறுக்கம், அமிழும் குணம் என்று கட்டட எஞ்சினியர் கேட்பவை எல்லாம் அந்தத் தண்ணீர் வழியாகவே, சுற்றிவளைத்து, பெட்டிக்குள் வந்து சேர்கின்றன. இது புரியாமல் தடைத்திறன் எண்ணைக் கையில் எடுப்பவர் மண்ணைத் தவறாகவே வாசிப்பார்.

தடைத்திறன் உயர்தரப் பௌதிக வகுப்பில் எல்லோரும் படித்த சொல். ஒரு பொருளின் ஊடாக மின்னோட்டம் போவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு அது. அலகு ஓம் மீற்றர். வகுப்பில் செப்புக் கம்பியையும் நிக்குரோமையும் வைத்துக் கணக்குச் செய்தோம். மண் அவற்றைப் போன்றதல்ல. ஒரு மணல்மணியை எடுத்துக்கொண்டால் அது குவார்ட்சு; மின்னைக் கிட்டத்தட்ட கடத்தவே கடத்தாது. காய்ந்த மணலில் தடைத்திறன் ஆயிரக்கணக்கான ஓம் மீற்றருக்குப் போகும். அதே மணலில் தண்ணீரை ஊற்றினால் எண் மளமளவென்று இறங்கும். அதற்குத் தண்ணீர் மட்டும் காரணமல்ல. முற்றிலும் தூய நீரின் தடைத்திறன் 1,80,000 ஓம் மீற்றரைத் தாண்டும். அதுவும் ஏறத்தாழ ஒரு காவலிதான். மின்னைச் சுமந்து செல்பவை நீரில் கரைந்துள்ள உப்பின் அயன்கள். கடல்நீருக்கு வெறும் 0.2 ஓம் மீற்றர். நல்ல கிணற்றுநீர் 10க்கும் 100க்கும் இடையில் எங்கேயோ நிற்கும். ஆகவே மண்ணின் தடைத்திறன் என்பது மணிகளுக்கு இடையில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது, அதில் எவ்வளவு நீர் நிற்கிறது, அந்த நீர் எவ்வளவு உப்பு என்ற மூன்றும் கலந்த ஒற்றை விடை. களிமண் இருந்தால் நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். அதைப் பிறகு பார்ப்போம்.

கம்பிகள் ஏன் நான்கு? இரண்டே கம்பிகளால் ஓட்டத்தை அனுப்பி அதே இரண்டிலும் அளந்தால், பெட்டி காட்டுவதில் பெரும்பகுதி கம்பிக்கும் மண்ணுக்கும் உள்ள தொடுகையின் தடைதான். ஒரு கம்பி காய்ந்த கல்லிடுக்கிலும் மற்றது ஈரத்திலும் நின்றால் கணக்குக் கெட்டுவிடும். கொன்ராட் ஷ்லும்பெர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் நோர்மண்டியில் நிலத்துக்குள் மின்னை அனுப்பி, அது பரவும் விதத்தை முதன்முதலாக வரைபடமாக்கினார். 1915இல் அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகத்தைச் சேர்ந்த பிராங்க் வென்னர், சம இடைவெளியில் நான்கு கம்பிகள் என்ற ஏற்பாட்டைக் கணக்கோடு எழுதிவைத்தார். வெளிப்பக்கக் கம்பிகள் இரண்டும் ஓட்டத்தை உள்ளே அனுப்பும். உட்பக்கக் கம்பிகள் இரண்டும் அழுத்த வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். அவற்றின் வழியே ஓட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால் அவற்றின் தொடுகை எப்படி இருந்தாலும் பெரிய பாதிப்பில்லை. கணக்கும் எளிது. இடைவெளி 5 மீற்றர், பெட்டி காட்டும் தடை 1.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி 6.28 ஆல் மீண்டும் பெருக்கினால் ஏறத்தாழ 38 ஓம் மீற்றர். இடைவெளியைக் கூட்டினால் ஓட்டம் ஆழமாகப் போகும். வென்னர் ஏற்பாட்டில் இடைவெளியின் பாதியளவு ஆழம் வரையுள்ள மண்ணே விடையைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் என்று கொள்வது வழக்கம்.

இனி, அந்த 38 என்ன மண்? ஈரமான களியாக இருக்கலாம். கிணற்றுநீர் நிறைந்த மணலாக இருக்கலாம். உக்கிப்போன பாறையில் தண்ணீர் ஊறி நிற்பதாகவும் இருக்கலாம். மூன்றின் மேலும் ஒரே கட்டடத்தைக் கட்ட முடியாது.

கொம்பனித்தெருவில் இந்தக் குழப்பம் ஏன் கூடுதல் என்பதை அறிய ஊரின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டவேண்டும். கோட்டையைக் காக்கப் போர்த்துக்கேயர் காலத்தில் தேக்கிய நீர்தான் பேரை வாவி. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம் வாவி சூழ்ந்த இந்த நிலத்துண்டு. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரில் அந்த அவமானம் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழில் நாம் கொம்பனித்தெரு என்றே சொல்லிவந்தோம். வாவி ஒரு காலத்தில் 165 ஹெக்டேயர் பரப்பில் இருந்தது. இன்று எஞ்சியிருப்பது சுமார் 65 ஹெக்டேயர். இடையில் காணாமற்போன 100 ஹெக்டேயரில் கொட்டிய மண்ணின் மேல்தான் வீதிகளும் கிடங்குகளும் வீடுகளும் எழுந்தன. அதாவது இந்தப் பகுதியின் பல காணிகளுக்குக் கீழே வாவி இன்னும் இருக்கிறது. மூடிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

வாவி மண்ணின் பலவீனத்தை வாவியே ஒருமுறை காட்டியது. கங்காராம விகாரைக்குரிய சீமமாலகவின் பழைய கட்டடம் 1970களில் மெல்ல மெல்ல நீருக்குள் அமிழத் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் சீமமாலக, 1976இல் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. பழையதை யாரும் இடிக்கவில்லை, புயல் அடிக்கவில்லை; கீழே இருந்த மண் தாங்கமாட்டாமல் இறங்கியது.

இந்தப் பக்கத்தில் துளையிட்டுப் பார்த்தால் மேலே இடிபாட்டு நிரவல். அதற்குக் கீழே வாவியின் கறுப்பு மண்டி, மெதுவான களி, சில இடங்களில் பீற் எனப்படும் உக்கல் மண். அதற்கும் கீழே மணல் வரலாம், வராமலும் போகலாம். பிறகு செம்பூரான், அதாவது கபொக். கடைசியாக உக்கிய நைஸ் பாறை, அதற்கடியில் உறுதியான நைஸ். இந்த வரிசை எந்த இரண்டு துளைகளிலும் ஒரேபோல் இராது. பாறையின் மேற்புறம் பக்கத்துப் பக்கத்துத் துளைகளிலேயே பல மீற்றர் ஏறி இறங்கும். தாமரைக் கோபுரம், அல்டெயர் போன்று வாவியைச் சுற்றி எழுந்த உயரக் கட்டடங்களின் காலத்தில் கொழும்பில் பைலிங் இயந்திரத்தின் சத்தம் ஓயாததற்குக் காரணம் இதுதான்: மேல்மண்ணை நம்பாமல், பாறை வரை கொங்கிறீற் தூணை இறக்கி அதன் மேல் சுமையை வைக்கிறார்கள்.

பாறை எங்கே இருக்கிறது, அதற்கு மேலே எத்தனை மீற்றர் மெதுவான மண் என்பதைத் துளையிட்டால்தான் திட்டமாக அறியலாம். துளையோ செலவு. ஒரு காணியில் நாலைந்து துளைகள் போடுவார்கள். இரண்டு துளைகளுக்கு நடுவில் ஒரு பீற் குழி ஒளிந்திருந்தால்? இந்த இடத்தில்தான் நான்கு கம்பிகளுக்கு வேலை வருகிறது. துளையிடாமலே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் ஆசை எஞ்சினியர்களுக்கு வெகுகாலமாக உண்டு.

அந்த ஆசையின் அடிப்படைக் கணக்கைத் தந்தவர் கட்டட எஞ்சினியர் அல்லர், எண்ணெய் தேடியவர். ஷெல் நிறுவனத்தில் இருந்த கஸ் ஆர்ச்சி 1942இல் ஒரு தொடர்பைக் கண்டு எழுதினார். மணலின் தடைத்திறன், அதன் வெற்றிடத்தை நிரப்பிய நீரின் தடைத்திறனைப் போல் இத்தனை மடங்கு. அந்த மடங்கு வெற்றிடத்தின் விகிதத்தைப் பொறுத்தது. இறுகாத மணலில் வெற்றிடம் கூட; இறுகிய மணலில் குறைவு. இறுகிய மணல் அதிகம் தாங்கும். அப்படியானால் தடைத்திறனை அளந்தால் இறுக்கம் தெரியும், இறுக்கம் தெரிந்தால் பலம் தெரியும். காகிதத்தில் எவ்வளவு அழகான சங்கிலி!

இந்தச் சங்கிலியைக் கொழும்புத் துறைமுக நகரத்தின் மணலில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். காலிமுகத்திடலுக்கு அருகே கடலடி மணலை அள்ளிக் கொட்டி 269 ஹெக்டேயர் நிலத்தை உண்டாக்கினார்கள். கொட்டிய மணலில் 100 பங்குக்கு 40 பங்கு வெற்றிடம் என்று கொள்வோம். ஆர்ச்சியின் கணக்கில், இறுகாத மணலுக்கு வழக்கமாக எடுக்கும் அடுக்கெண் 1.3ஐ வைத்தால் மடங்கு சுமார் 3.3. அதிர்வு கொடுத்து இறுக்கி வெற்றிடத்தை 30 பங்காக்கினால் மடங்கு சுமார் 4.8. இறுக்குவதற்கு எத்தனை இயந்திரம், எத்தனை நாள்! தடைத்திறனில் அது காட்டும் மாற்றமோ ஒன்றரை மடங்குகூட இல்லை.

இப்போது நீரைப் பாருங்கள். கடல்நீர் நிறைந்திருக்கும்போது இறுகாத மணல் 0.66 ஓம் மீற்றர், இறுகிய மணல் 0.96. கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை மேலிருந்து ஊறி உப்பைக் கழுவிக் கழுவி, மேல் மணலில் 20 ஓம் மீற்றர் அளவான நன்னீரை நிரப்பிவிட்டதாக வையுங்கள். அதே இறுகாத மணல் இப்போது 66 ஓம் மீற்றர். இறுக்கத்தால் ஒன்றரை மடங்கு, நீரால் 100 மடங்கு. ஒரு மணியைக்கூட யாரும் நகர்த்தவில்லை. ஆனாலும் எண்ணை மட்டும் நம்புபவர் மணல் பிரமாதமாக இறுகிவிட்டது என்று எழுதிவிடுவார். நானாவின் கேள்வியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது இந்தக் கணக்குக்காகத்தான்.

வெற்றிடம் முழுக்க நீரில்லாமல் பாதி காற்றாக இருந்தாலும் அப்படித்தான். நீர் பாதியாகக் குறைந்தால் தடைத்திறன் கிட்டத்தட்ட 4 மடங்காகும். பெப்ரவரியில் வெயிலில் அளந்த காணியை ஒக்டோபர் மழையில் அளந்தால் மேல் மண்ணில் வேறு காணியைப் பார்த்ததுபோல் இருக்கும். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் தடைத்திறன் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். ஆண்டு முழுக்க ஒரே புழுக்கமான கொழும்பில் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

களிமண்ணுக்கு வருவோம். மணலில் மின் நீர் வழியே மட்டும் போகிறது. களியில் இன்னொரு பாதையும் உண்டு. களியின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். தகட்டின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் சோடியம், கல்சியம் போன்ற நேர் அயன்கள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் வந்ததும் அவை தகட்டின் ஓரமாகவே நகரும். அதனால் நன்னீர் நிறைந்த களிகூடக் குறைந்த தடைத்திறனைக் காட்டும். ‘எண் குறைவு என்றால் களி, களி என்றால் பலவீனம்’ என்ற சுருக்குவழி இங்கிருந்துதான் பிறந்தது.

கொழும்பில் இந்தச் சுருக்குவழி காலை வாரும். களியில் வகை உண்டு. தண்ணீர் பட்டால் வீங்கும் மொன்மொரில்லோனைற்று, 100 கிராமுக்கு 80 முதல் 150 மில்லிச் சமவலு அயன்களைப் பிடித்து வைத்திருக்கும். நமது ஈரவலயத்தின் செம்மண்ணில் மிகுதியாக உள்ள கயோலினைற்று 3 முதல் 15 வரைதான் பிடிக்கும். ஆயிரமாயிரம் ஆண்டு மழை கழுவிக் கழுவி எஞ்சிய மண் அது. ஆகவே நம் கபொக் மண் தொட்டால் களிபோல் பிசுபிசுத்தாலும், பெட்டியில் மணலைப்போல உயர்ந்த எண்ணைக் காட்டும். அதில் இவ்வளவு இரும்பு இருக்கிறதே, மின் பாயாதா என்று சிலர் கேட்பதுண்டு. கபொக்கின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டின் நிறம். அது இரும்பைப்போல் மின்னைக் கடத்துவதில்லை. ராஜஸ்தானிலோ டெக்சாசிலோ எழுதிய அட்டவணையைக் கொண்டுவந்து நம் செம்மண்ணின் மேல் வைத்தால் களி மணலாகிவிடும்.

பீற் மண்தான் எனக்கு அதிகம் அச்சமூட்டுவது. துளையிலிருந்து ஒருமுறை அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கடுங்கறுப்பு. அழுகிய முட்டை வாடை. விரலால் பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டி, கையில் நாரும் வேரும் மட்டும் மிஞ்சும். ஏதோ ஒரு சதுப்புப் புல் பல நூற்றாண்டுகளாக முழுதாக உக்காமல் அங்கேயே கிடக்கிறது. உலர்ந்த பொருளின் நிறையைப்போல் பல மடங்கு நீரை அது வைத்திருக்கும். அதன் மேல் சுமை வைத்தால் நீர் வெளியேற வெளியேற நிலம் இறங்கிக்கொண்டே போகும். நீர் முழுதும் போன பிறகும் நார்கள் நசிந்து இன்னும் இறங்கும்.

கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லையில் இத்தகைய சதுப்புநிலத்தின் மேல்தான் நகரத்தின் குப்பையைக் கொட்டி மலையாக்கினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள் பிற்பகல் அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது; முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குப்பையின் பாரமும், அதற்குள் தேங்கிய நீரும், அடியிலிருந்த மெதுவான மண்ணும் சேர்ந்து நடந்த கொடுமை. அந்தக் குப்பைமலை போன்ற இடத்தில் நீர் எங்கே தேங்கி நிற்கிறது, எந்தப் பக்கம் ஊர்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தடைத்திறன் அளவீடு மிகவும் ஏற்றது. குப்பையின் கழிவுநீர் உப்பு மிகுந்தது; படத்தில் பளிச்சென்று தெரியும். மலைநாட்டு நிலச்சரிவுக்கும் இதே நியாயம் பொருந்தும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மண் மூடியதை நாம் மறக்கமுடியாது. சரிவு விழுவதற்கு முன்னான கதை பெரும்பாலும் மண்ணுக்குள் நீர் ஏறிய கதை. தண்ணீரைப் பார்க்கும் பெட்டியைத் தண்ணீரைப் பார்க்கவே பயன்படுத்தும்போது அது பொய் சொல்வதில்லை.

பீற்றைச் சமாளித்துக் கட்டவும் முடியும். 2013இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதை முத்துராஜவெலச் சதுப்பின் ஊடாகவே போகிறது. தெற்கு அதிவேகப் பாதையிலும் பீற் மண் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முன்கூட்டியே மண்பாரம் ஏற்றி வைத்து நிலத்தை இறங்கவிட்டு, நீரை வெளியேற்றி, அதன் பிறகே வீதி போட்டார்கள். இத்தகைய இடத்தில் தடைத்திறனின் மதிப்பே வேறு. ஒரே கோட்டில், அதே கம்பிக் குழிகளில், மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மண்ணும் மாறவில்லை, நீரின் உப்பும் பெரிதாக மாறவில்லை. மாறுவது வெற்றிடம் மட்டும். நீர் பிழிந்து வெளியேற எண் மெல்ல ஏறும். எந்தப் பகுதியில் ஏறவில்லையோ அங்கே நீர் இன்னும் அடைபட்டு நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு நாள் அளந்து மண்ணின் பலத்தைச் சொல் என்று கேட்பதைவிட, பல நாள் அளந்து எது மாறுகிறது என்று கேட்பது மிக நேர்மையான கேள்வி என்பது என் கருத்து.

ஆனால் உலகமெங்கும் ஆய்வாளர்கள் முதல் கேள்வியையே அதிகம் துரத்தியிருக்கிறார்கள். துளையிடும்போது செய்யும் சுத்தியல் சோதனை ஒன்று உண்டு: 63.5 கிலோகிராம் எடையை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, முதல் 150 மில்லிமீற்றரைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை அடி பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். இறுகிய மணலில் 30க்கு மேல் போகும். பீற்றில் சில வேளை அடிக்கவே வேண்டாம். கம்பி தன் சொந்தப் பாரத்திலேயே இறங்கிவிடும். இந்த அடி எண்ணிக்கையை ஒரு அச்சிலும் தடைத்திறனை மற்ற அச்சிலும் வைத்து வரைபடம் போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்து, சமன்பாடு எழுதிய கட்டுரைகள் ஏராளம். அந்தந்தக் காணியில் கோடு ஓரளவு பொருந்தும். பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோனால் பொருந்தாது. பொருந்தக் காரணமும் இல்லை: சுத்தியல், மணிகள் ஒன்றோடொன்று உரசித் தடுப்பதை அளக்கிறது, பெட்டி, மணிகளுக்கிடையே அயன்கள் நகர்வதை அளக்கிறது. ஒரே காணிக்குள் நீரும் உப்பும் களிவகையும் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் இரண்டும் கைகோத்து நடக்கின்றன. அந்தச் சமன்பாட்டை வேறோர் ஊரிலிருந்து எடுத்துவந்து கொம்பனித்தெருக் காணியில் பைலின் நீளத்தைக் கணிக்க யாரும் துணியக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, உப்பே பலத்தைச் சொல்லும் ஒரு மண்ணையும் சொல்லியாக வேண்டும். நோர்வேயில் பனியுகக் கடலின் அடியில் படிந்த களி, நிலம் உயர்ந்ததால் இன்று கடலுக்கு மேலே வயலாகவும் ஊராகவும் இருக்கிறது. படிந்த காலத்து உப்புதான் அந்தக் களித் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. நன்னீர் பல்லாயிரம் ஆண்டுகளாக ஊறி உப்பைக் கழுவிய இடங்களில், களி பார்வைக்கு உறுதியாக இருக்கும். கலைத்தால் கூழாக ஓடிவிடும். 2020 டிசம்பர் 30 அதிகாலை யெர்ட்ரும் என்ற ஊரில் அப்படி ஓடிய களி வீடுகளோடு 10 பேரைக் கொண்டுபோனது. அங்கே உப்புப் போகாத களி 10 ஓம் மீற்றருக்குக் குறைவாகவும், உப்புக் கழுவப்பட்ட களி 10க்கும் 100க்கும் இடையிலும் காட்டும். எண் ஏறினால் ஆபத்து கூடுகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் எண் ஏறுவதை நல்ல சகுனமாக வாசிப்பவர் அங்கே போனால் தலைகீழாக வாசித்துவிடுவார்.

தடைத்திறனை நேராகவே எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகளும் உண்டு. ஒன்று துருப்பிடித்தல். துரு என்பதே ஈரத்தின் வழியே ஓடும் சிறு மின்னோட்டம். 200 ஓம் மீற்றருக்கு மேற்பட்ட மண்ணில் புதைத்த இரும்புக்குப் பெரிய கேடில்லை. 50க்குக் கீழே இறங்க இறங்க அரிப்பு மிகும்; 10க்குக் கீழே என்றால் பாதுகாப்பில்லாத இரும்புக் குழாயை அங்கே புதைக்கக்கூடாது. மற்றது ஏர்த். வீட்டு ஏர்த் கம்பியோ மின்மாற்றியின் ஏர்த்தோ நன்றாக வேலை செய்ய மண்ணின் தடைத்திறன் குறைவாக இருக்கவேண்டும். வாவிக்கரை மண் மின்பொறியியலாளருக்கு வரம். அதே மண்ணில் இரும்பைப் புதைக்கும் குழாய்க்காரருக்குச் சாபம். உயரமான கபொக் நிலத்தில் வீடு கட்டுபவர் கோடையில் ஏர்த் கிடைக்காமல் கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் போடுவார். சில மழைக்குப் பிறகு உப்புக் கரைந்து போய்விடும். போகிற போக்கில் கம்பியையும் அரித்துவிட்டுப் போகும்.

கொம்பனித்தெருக் காணிக்குத் திரும்புவோம். 20 மீற்றர் ஆழத்தைப் பார்க்க வேண்டுமானால் கம்பிகளின் இடைவெளி சுமார் 40 மீற்றர் வேண்டும். நான்கு கம்பிகளுக்கும் சேர்த்து 120 மீற்றர் நேர்கோடு. இந்தத் தெருக்களில் 120 மீற்றர் வெறும் மண்ணுக்கு எங்கே போவது? ஒரு பக்கம் தார் வீதி, ஒரு பக்கம் ரெயில் பாதை. நிலத்துக்குள் பழைய இரும்புக் குழாய்கள், மின்கேபிள்கள். இரும்புக் குழாய்க்கு இணையாகக் கம்பிகளை நட்டால் ஓட்டம் மண்ணை விட்டுக் குழாயில் ஏறிப் போய்விடும். கசியும் கழிவுநீர் இன்னொரு தொல்லை. அது நல்ல மண்ணையும் படத்தில் களியாக்கிக் காட்டும். ஆகவே இங்கே செய்யக்கூடியது துளைகளோடு சேர்ந்த அளவீடுதான். துளையிட்டு முடிந்ததும் அதற்குள்ளேயே மின்வாய்களை ஆழ ஆழ இறக்கி, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓட்டத்தை அனுப்பி, நடுவிலுள்ள மண்ணைப் பார்க்கலாம். துளையில் கண்ணால் கண்ட பீற் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று முதலில் பழகிக்கொண்டு, பிறகு காணாத இடத்தில் அதே எண்ணைத் தேடலாம். கணினி தரும் சிவப்பு நீலப் படத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். ஒரே அளவீடுகளுக்குப் பொருந்தும் படங்கள் பல உண்டு. கணினி அவற்றில் ஒன்றைத்தான் வரைந்து தருகிறது.

ஒரு மண் அறிக்கை என் கைக்கு வந்தால் வண்ணப்படத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அளந்த திகதியையும் அதற்கு முந்திய நாட்களில் மழை பெய்ததா என்பதையும் முதலில் தேடுவேன். பக்கத்துத் துளை எத்தனை மீற்றர் தொலைவில், அதில் நீர்மட்டம் எங்கே நின்றது என்று பார்ப்பேன். பிறகு, துளையிலிருந்து எடுத்த தண்ணீரின் கடத்துதிறனைத் தனியாக அளந்தார்களா என்று பார்ப்பேன். அதற்கு ஒரு கைக்கடக்கமான மீற்றரும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும். இரண்டு நிமிட வேலை. அன்று காலை அந்த இளைஞர்களில் மூத்தவர் வேலை முடிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, மற்றவர் காணியின் மூலையிலிருந்த துளைக்குள் கயிற்றில் ஒரு சிறு குப்பியை இறக்கித் தண்ணீர் மொண்டு எடுத்தார். குப்பியை மூடி, மேலே திகதியையும் ஆழத்தையும் எழுதி ஒட்டினார். மதிலுக்கு அப்பாலிருந்து நானா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.